காய்ந்த வாய்க்காலில் முப்பத்தொரு பேர்

சித்தமங்கலம், நன்னிலம் தாலுகா
26.3.2024

சூர்யா அண்ணாவுக்கு,

இதைப் பிரிக்கும்போது பயந்திருப்பாய். வீட்டிலிருந்து தபால் வந்தால் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் தோன்றும். யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மட்டும் என்று ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் அது 'மேலத்தெரு சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. நூற்று நாற்பத்தாறு பேர். அப்பா அதை டீக்கடையில், வளவன் மாமாவின் போனில், பத்துப் பேர் சுற்றி நிற்கக் கேட்டிருக்கிறார். "அப்பாவுக்குப் பாலம் வேணாம், மாலைதான் வேணும்" என்று அவர் பெற்ற மகள் சொன்னதை. கோபத்தில் சொன்னது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் உன்னிடம்தான் சொன்னேன், ஊரிடம் சொல்லவில்லை. நான் எவ்வளவு கூச்சப்படுகிறவள் என்று உனக்குத் தெரியும். நூலகத்தில் புத்தகம் கேட்டு வருகிறவர்களிடம்கூடத் தலையை நிமிர்த்தாமல் பேசுகிறவள் நான். அந்தக் குரல் இப்போது தெருவில் எல்லார் பையிலும் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நீ குழுவில் படித்திருப்பாய். நான் பார்த்ததை எழுதுகிறேன். மாரியம்மன் கோயில் வாசலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பிடாரி வாய்க்காலுக்குப் பாலம் கட்டித் தரும்வரை மேலத்தெரு ஓட்டுப் போடாது என்று முடிவானது. மூன்று பேர் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்தார்கள், அதில் அப்பா ஒருவர். அவர்களுக்கு மாலை போட்டார்கள். பிறகு வளவன் மாமா எழுந்து, "மீறிப் போற வூட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போவப்படாது" என்றார். கை தட்டினார்கள். அதற்கப்புறம்தான் யாருக்கோ யோசனை வந்து, எல்லார் வீட்டு வாக்காளர் அட்டையையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கோயிலில் வைத்தார்கள். பெண்கள் யாரும் அந்த இடத்தில் இல்லை. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

என் அட்டை பீரோவில் இல்லை. நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பிறகு அம்மா சொன்னாள், வீடியோ காலில் நீதான் சொன்னாயாம்: "அவ புத்தகத்துல வச்சிருப்பா பாருங்கப்பா."

அண்ணா, போன சட்டசபைத் தேர்தலில் பட்டியலில் என் பெயர் விட்டுப்போயிருந்தது. அதற்கு முந்திய தேர்தலில் தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்தேன். பெயரைச் சேர்க்க நன்னிலம் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை நடந்தேன். இருபத்தைந்து வயதில் இது எனக்கு முதல் ஓட்டு.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி நான் போகிறேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன். இதையாவது உன்னோடு வைத்துக்கொள்.

குந்தவை

*

சிங்கப்பூர்
3.4.2024

குந்தவைக்கு,

உன் கடிதத்தை சூப்பர்வைசர் கொண்டுவந்து கொடுத்தான். நீ சொன்ன மாதிரியே பயந்துபோனேன். பிரித்தால் அவ்வளவும் திட்டு.

குரல் பதிவைப் போட்டது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் குழுவில் எல்லாரும் "சூர்யா வீடுதான் முன்னாடி நிக்குது" என்று பெருமையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உன் குரல் வந்தது. ஆத்திரத்தில் தட்டிவிட்டேன். காகிதத்தைப் படம் பிடித்துப் போட முடியாது என்று நினைக்கிறாயா? முடியும். போட மாட்டேன்.

ஆனால் நீ பேசுவது எனக்குப் புரியவில்லை. அந்தப் பாலம் என்னவென்று உனக்குத் தெரியாதா? இரண்டு பனைமரத் துண்டும் மேலே ஒரு தகரமும். இருபத்தொன்று நவம்பரில் அப்பா அதில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் இங்கே டார்மிட்டரியில் அடைபட்டுக் கிடந்தேன். கொரோனா என்று கேட்டைத் தாண்ட விடவில்லை. அப்பா வலியில் கத்துவதைப் போனில் கேட்டுக்கொண்டு மேல் கட்டிலில் படுத்திருந்தேன். கீழ்க்கட்டில் ராஜ்குமார் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டான், நான் அழுவதைப் பார்க்க வேண்டாமென்று. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்தப் பாலத்தை வாங்காமல் விட மாட்டேன் என்று.

ஐந்து தடவை ஓட்டுக் கேட்டு வந்தார்கள். ஐந்து தடவையும் பாலம் என்றார்கள். நாமும் விழுந்து விழுந்து போட்டோம். நம் பூத்தில் எப்போதும் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாது. என்ன கிடைத்தது? இந்தத் தடவை ஒரு ஓட்டும் விழவில்லை என்றால் பேப்பரில் வரும், டிவியில் வரும். ஒரே ஓட்டு விழுந்தாலும் வராது. அந்த ஒரு ஓட்டு உன்னுடையதாக இருக்கணுமா?

இங்கே நம் தெருப் பையன்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கிறோம். ஒரே அடுப்பு. தினம் ராத்திரி இதைத்தான் பேசுகிறார்கள். "உன் தங்கச்சி படிச்சவ, அடங்குவாளா?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு எங்க பேச்சை மீறாது" என்றேன். அதைப் பொய்யாக்காதே.

தெருவை விட்டு நாம் எங்கே போவோம்? அப்பா விழுந்தபோது தூக்கியது யார்? தெருதானே.

சூர்யா

*

சித்தமங்கலம்
9.4.2024

அண்ணா,

அப்பாவைத் தூக்கியது யார் என்று கேட்டிருக்கிறாய். உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு ஆண்கள் எல்லாரும் கொல்லுமாங்குடியில் உரத்துக்கு வரிசையில் நின்றார்கள். வயலில் இருந்தது நடவாட்கள். வானதி அக்கா கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்தாள். அம்மா, நான், வானதி அக்கா, அங்கன்வாடி சாவித்திரி அக்கா, நாலு பேரும் நாலு காலைப் பிடித்து, அப்பாவை அதே பனைமரத்தின்மேல் தூக்கிக்கொண்டு நடந்தோம். கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு "விட்டுடாதீங்கடி, விட்டுடாதீங்கடி" என்றார். விடவில்லை.

எங்களுக்குப் பாலம் வேண்டாம் என்று நீ நினைத்தால் இதைக் கொஞ்சம் யோசி. பாலத்துக்காக ஓட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்று எங்களையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால், ஒருவேளை நானே சரி என்றிருப்பேன். நீ சொல்லும் நியாயம் எனக்கும் புரிகிறது. நீங்கள் கேட்கவில்லை. என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குப் போராட்டம் என்று பெயர் வைத்தீர்கள். பிடுங்கியதை வைத்துக்கொண்டு யாரோடு போராடப் போகிறீர்கள்?

உன் அறை அடுப்பைப் பற்றி எழுதினாய். எங்கள் உளுந்து வயலைப் பற்றி நானும் எழுதுகிறேன்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் சுபாவம் தெரியும் உனக்கு. கடைசி உளுந்து எடுப்புக்கு அம்மாவோடு நானும் போயிருந்தேன். குனிந்து பறித்துக்கொண்டிருக்கும்போது வானதி அக்கா பக்கத்து வரிசையிலிருந்து கேட்டாள்.

"ஏம் புள்ள, நீ போறியாமே?"

"போறேன்க்கா."

"யாரு கூட?"

"தனியாத்தான்."

"தனியா எவளாச்சும் ஓட்டுக்குப் போவாளா? சாவு வூட்டுக்கே நாலு பேரு சேந்துதான் போறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவளே சொன்னாள்: "எம் புருசன் என் அட்டையத்தான் குடுத்தாரு. என்னையவா குடுத்தாரு?"

"அட்டை இல்லாம உள்ள வுடுவாங்களா?" என்று சாவித்திரி அக்கா கேட்டாள்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் வேறு பன்னிரண்டு ஆவணங்களில் ஒன்றைக் காட்டிப் போடலாம். நூலகத்துக்கு வரும் பேப்பரில் பட்டியல் வந்திருந்தது. அதில் நூறு நாள் வேலை அட்டையும் உண்டு. நீங்கள் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டியது எங்கள் ஓட்டை என்று நினைத்துக்கொண்டீர்கள். நூறு நாள் அட்டை எந்த வீட்டிலும் ஆண்கள் கையில் இல்லை, அண்ணா. அரிசிப் பானைக்குப் பின்னால், சாமி படத்துக்கு அடியில், இடுப்புப் பையில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் வளவன் மாமா முழிப்பார்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒருத்தியும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவித்திரி அக்கா, "வானதி வந்தா வாரேன்" என்றாள். மற்றவர்கள் சாவித்திரியைப் பார்த்தார்கள். வானதி அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "கமலா அக்கா வந்தா நான் வருவேன். சூடம் கொளுத்துன வூட்டு அம்மாவே வந்துட்டா யாரு யாரைத் தள்ளி வைக்கிறது?"

அம்மா முந்தானையிலிருந்த உளுந்தைச் சாக்கில் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். என்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்றால், அவளைக் கட்டாயப்படுத்துவதும் தப்புதான்.

யாரும் வராவிட்டாலும் நான் போவேன்.

குந்தவை

*

சிங்கப்பூர்
16.4.2024

குந்தவைக்கு,

ராஜ்குமார் நாளைக்குத் திருச்சி விமானத்தில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் பிரித்துப் பார்க்க மாட்டான்.

கட்டிலைத் தூக்கியது நீங்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா "தெருவே தூக்கிச்சு" என்றுதான் சொன்னார்.

நேற்று அப்பா போன் பண்ணினார். நான் பிறந்ததிலிருந்து அவர் அழுது கேட்டதில்லை. "அவ போனா நான் எந்த முகத்தோட கோயில் வாசல்ல நிப்பேன்" என்றார். அந்த மாலையைப் பற்றி நீ சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. தாசில்தார் வந்து பேசியும் யாரும் இறங்கி வரவில்லையாம். பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து பனைமரப் பாலத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறார்களாம். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி இல்லை. அப்பா முதல் நாற்காலியில் இருப்பார். நீ அவரைத் தாண்டித்தான் போகணும்.

இந்த ஒரு தடவை விட்டுக்கொடு. உன் நியாயம் உன்னிடமே இருக்கட்டும். அதை யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு நானே லீவு போட்டு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அண்ணன் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவுக்காக.

சூர்யா

*

சித்தமங்கலம்
20.4.2024

அண்ணா,

ராஜ்குமார் அண்ணன் வியாழக்கிழமை சாயங்காலம் உன் கடிதத்தைக் கொடுத்தார். இரண்டு முறை படித்தேன். அடுத்த தேர்தலுக்கு நீ வந்து கூட்டிக்கொண்டு போவதாக எழுதிய இடத்தில் மனது கொஞ்சம் இளகியது. பிறகு அதே வரியைத் திரும்பப் படித்தபோது, எனக்கு அதில்தான் கோபமே வந்தது. நான் கூட்டிக்கொண்டு போகப்பட வேண்டியவள் இல்லை.

அப்பா அழுததைப் பற்றி. அந்த மாலையைச் சொன்னதற்கு அன்றிரவே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்பது வேறு, வீட்டுக்குள் இருப்பது வேறு.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினேன். ஆதார் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா அதற்கு முன்பே பாலத்துக்குப் போய்விட்டார். அம்மா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போவதைப் பார்த்தாள். "வெயிலுக்கு முந்தானையப் போட்டுக்க" என்றாள். அவ்வளவுதான்.

களத்துமேட்டில் வானதி அக்காவோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லாரும் துவைத்த புடவை. ஆனால் யாரும் கிளம்பவில்லை.

"அம்மா எங்க?"

"கொல்லையில இருக்காங்க."

"வருதா?"

"தெரியலக்கா."

"அப்ப கொஞ்ச நேரம் பாப்பம்."

கொஞ்ச நேரம் கால்மணி ஆனது. ஒருத்தி வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள். இன்னொருத்தி அவளைத் தேடிப் போனாள். இன்னும் கொஞ்சம் நின்றால் எல்லாரும் ஒவ்வொரு காரணத்தோடு கலைந்துவிடுவார்கள் என்று தெரிந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. "நான் வரேன்க்கா" என்று வானதி அக்காவிடம் சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த பயத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். யாரும் பின்னால் வரவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று திரும்பியே பார்க்கவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் வாடகை நாற்காலி இருபது. மேலே துணிப் பந்தல். சோடா பாட்டில் பெட்டியோடு. அந்தக் காட்சியைத் தூரத்தில் இருந்து பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணா. அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு. பிடாரி வாய்க்காலில் தண்ணீர் நின்று மூன்று மாதமாகிறது. அடியில் வெடித்த களிமண், அதில் இரண்டு ஆடு மேய்கிறது. இங்கிருந்து அங்குவரை எந்த இடத்திலும் இறங்கி ஏறலாம். அதை விட்டுவிட்டு இருபது ஆண்கள் பாலத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார்கள்! அத்தனை நாள் மழைக்காலத்துப் பாலத்தையே பேசிப் பேசி, சித்திரை மாதத்து வாய்க்கால் யாருக்கும் நினைவில் வரவில்லை.

நான் பாலத்துப் பக்கமே போகவில்லை. அதற்கு ஐம்பதடி கிழக்கே கரையில் இறங்கினேன்.

வளவன் மாமா எழுந்து நின்றார். "ஏய், அந்தப் பக்கம் எறங்குது பாரு!" என்றார். யாரும் நாற்காலியை விட்டு வரவில்லை. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிடவில்லை.

வாய்க்கால் நடுவில் வந்தபோது பின்னால் களிமண் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆடு என்று நினைத்தேன். திரும்பினால் அம்மா. மாட்டுப் பாதை வழியாக வந்திருக்கிறாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் புடவை. கையில் நூறு நாள் அட்டை. என்னைத் தாண்டி எனக்கு முன்னால் நடந்தாள்.

அப்பா எழுந்துவிட்டார். "கமலா! எங்க போற?"

"ஓட்டுப் போட."

"சூடம் அடிச்சிருக்கேன்டி!"

அம்மா நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணில் பட்டதால் அட்டையை நெற்றிமேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான அடிச்சீங்க. நீங்க போவாதீங்க."

சொல்லிவிட்டு அக்கரை ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் எழுத வேண்டியது எதுவும் இல்லை. களத்துமேட்டிலிருந்து வானதி அக்காவின் குரல் கேட்டது. "வாங்கடி!" அடுப்பை அணைக்கப் போனவளும் திரும்பி வந்தாள், அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு. நேராகப் பாலத்தைத் தாண்டிப் போக யாருக்கும் மனசில்லை. எல்லாரும் வாய்க்காலில் இறங்கித்தான் வந்தார்கள். வானதி அக்கா போகிற போக்கில் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒரு சோடா எடுத்து வையி, திரும்பி வாரப்போ குடிக்கிறோம்" என்றாள். நாற்காலியில் இருந்த யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு அந்தக் காவல் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் என் ஆதாரைப் பார்த்துவிட்டு அதிகாரி உரக்கப் படித்தார். "நானூற்றுப் பன்னிரண்டு. குந்தவை, தந்தை துரைராசு." உள்ளே உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகளும் அதைத் திரும்பச் சொன்னார்கள். என் பெயரை யாராவது சத்தமாகச் சொன்னாலே எனக்குக் கூசும். நேற்று கூசவில்லை. ஓட்டுப் போட வந்தவர்களின் பெயர்மேல் பட்டியலில் கோடு இழுக்கிறார்கள். நானூற்றுப் பதினொன்று நீ. உன் பெயர்மேல் கோடு விழவில்லை. நானூற்று ஒன்பது அப்பா, அதிலும் இல்லை. நடுவில் நானூற்றுப் பத்தில், அம்மா பெயர்மேல் சிவப்பாக ஒரு கோடு.

யாருக்குப் போட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். போட்டேன் என்பது விரலைப் பார்த்தால் ஊருக்கே தெரியும். விரலை மடக்கிக்கொண்டு திரும்பலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். மடக்கவில்லை.

முப்பத்தொரு பேர்.

குந்தவை

*

சிங்கப்பூர்
2.5.2024

குந்தவைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. ராஜ்குமார்தான் எடுத்துக் குழுவில் போட்டான், கடங்காரன். வாய்க்கால் கரையில் வரிசையாக நின்று எல்லாரும் விரலைக் காட்டுகிறீர்கள். அம்மா மட்டும் கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்க்கிறாள்.

அன்று ராத்திரி அறையில் யாரும் என்னோடு பேசவில்லை. சோறு வடித்து அவர்களே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். என் தட்டு காலியாக இருந்தது. "உன் தங்கச்சி பண்ணுன வேலை" என்றான் ஒருத்தன். எனக்கு வந்ததே கோபம். யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. "டேய், படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்கடா. உங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் இல்லையா அதுல?" என்றேன். பார்த்தார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் வீட்டு ஆட்கள் அதில் நின்றார்கள். ஒருத்தனுடைய அம்மா முதல் வரிசையில். அவன் வெளியே போய் வீட்டுக்குப் போன் பண்ணினான். திரும்பி வந்து என் தட்டில் சோறு போட்டான். குழம்பு தீர்ந்துபோயிருந்தது. வெறும் ரசம்.

வளவன் மாமா உன்னைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார். அட்மின் நான்தானே. நீக்கினால் முப்பத்தொரு பேரையும் நீக்கணும், அப்புறம் தினம் காலை வணக்கம் போட ஆள் இருக்காது என்று எழுதினேன். தள்ளிவைக்கும் பேச்சும் அப்படித்தான் போயிற்றாம். அத்தனை வீட்டையும் தள்ளி வைத்தால் வளவன் மாமா மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் பரிமாறக்கூட ஆள் கிடையாது என்று யாரோ எடுத்துச் சொன்னார்களாம்.

அந்தக் குரல் பதிவைக் குழுவிலிருந்து அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதாம், அழியவில்லை. என் போனிலிருந்து மட்டும் அழித்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுதுவதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை, மன்னித்துவிடு.

ஆனாலும் ஒன்று. நான் இன்னும் உன் கட்சிக்கு வரவில்லை. பேப்பரில் ஒரு வரியும் வரவில்லை. டிவி வரவில்லை. பாலமும் வரவில்லை. எங்கள் போராட்டத்தை உடைத்தீர்கள், சரி. இப்போது உன் கையில் என்ன இருக்கிறது? விரலில் மை. அதை வைத்துப் பாலம் கட்டிக்காட்டு பார்க்கலாம்.

அம்மா யாருக்குப் போட்டாள்?

சூர்யா

*

சித்தமங்கலம்
8.6.2024

அண்ணா,

உன் சவாலுக்கு உடனே பதில் எழுதவில்லை. கையில் ஏதாவது வரட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் அம்மா. வீட்டில் ஒரு மாதமாக ஓடுவது இந்தச் சண்டைதான். அம்மா போனதை அப்பா எப்போதோ ஜீரணித்துவிட்டார். இத்தனை வருடமும் எந்தச் சின்னம் என்று அவர் சொல்வார், அவள் போடுவாள். இந்தத் தடவை எதில் போட்டாய் என்று தினமும் கேட்கிறார். "அதையெல்லாம் வெளிய சொல்லப்படாதாமே" என்கிறாள். ரிசல்ட் வந்த அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, டிவியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிஸ்கட் டின்னை வானதி அக்கா கோயிலில் போய் எடுத்து வந்துவிட்டாள். பூட்டு எதுவும் இல்லையாம், சும்மா மூடிதான். வீடு வீடாகப் போய் அவரவர் அட்டையை அவரவர் கையில் கொடுத்தாள். ஆண்களிடம் கொடுக்கவில்லை.

இப்போது பாலம். நன்னிலத்தில் ஜமாபந்தி நடக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீசில் உட்கார்ந்து மனு வாங்குவார்களே, அதுதான். நம் பிர்காவுக்கு இருபதாம் தேதி, வியாழக்கிழமை. மகஜர் எழுதியாகிவிட்டது. நான் எழுதினேன், அந்த முப்பத்தொரு பேரும் களத்துமேட்டில் உட்கார்ந்து வரிக்கு வரி கேட்டுத் திருத்தினார்கள். பாலம் எத்தனை அடி அகலம் வேண்டும் என்று மட்டும் ஒரு மணிநேரம் சண்டை. டிராக்டர் போனால் போதும் என்று நான் எழுதியிருந்தேன். "டிராக்டரும் போவணும், பக்கத்துல ஒரு கட்டுலயும் போவணும்" என்றாள் சாவித்திரி அக்கா. அப்படியே எழுதினேன்.

புல எண் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அம்மாவோடு அதையே பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கொல்லையில் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னோடுதான் பேசுவதில்லையே. எருமையின் காதில் சொல்கிற மாதிரி, "நூத்திப் பதினாலுல ரெண்டு. வாய்க்கால் பொறம்போக்கு. வடக்குக் கரை பட்டா நெலம், அதைத் தொடப்படாது" என்றார். எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மகஜரை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் கடைசியில் துரைராசு என்று கையெழுத்து இருந்தது.

பாலம் இதனால் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வராமலும் போகலாம். ஆனால் இருபதாம் தேதி காலை எட்டு மணிப் பஸ்ஸில் போகிறோம். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம். இந்த வருடம் மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் என்று பேசிக்கொள்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் அளந்து போகச் சொல்லிக் கேட்போம். இல்லாவிட்டால் அடுத்த ஜமாபந்திக்கும் போவோம். உன் எட்டுப் பேர் அறையில் சொல், எங்களுக்குச் சேர்ந்து போகிற வழி தெரிந்துவிட்டது.

என் நகத்தில் மை அடியிலிருந்து பாதிக்கு ஏறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும். போகட்டும்.

இந்தக் கடிதத்தை உன்னோடு வைத்துக்கொள்ளாதே. படம் பிடித்துக் குழுவில் போடு. நூற்று நாற்பத்தாறு பேரும் படிக்கட்டும். வியாழக்கிழமை, எட்டு மணிப் பஸ், மாரியம்மன் கோயில் நிறுத்தம். வருகிறவர்கள் ஆணோ பெண்ணோ வரலாம், யாருடைய உத்தரவும் வேண்டாம். ஒரு வரியையும் வெட்டாமல் போடு, அப்பாவைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. அதற்கு அவரிடம் கேட்டுவிட்டேன். எருமையைப் பார்த்து, "போடச் சொல்லு" என்றார்.

குந்தவை
வரிசை எண் 412